நாய்க்குப் பயந்த சிங்கக்காரர்

யூஸ்தாஷ் லொம்பாருக்குச் சிங்கத்திடம் பயமில்லை. புலி, கரடி, காட்டுப்பன்றி எதனிடமும் இல்லை. நாய் என்றால் மட்டும் கை கால் உதறும். சிங்கம் கூண்டுக்குள் இருக்கிறது, நாய் தெருவில் அல்லவா திரிகிறது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்வார். நியாயம்தான். ஆனால் வெண்கல மிருகங்களுக்கு ரோமம் செதுக்கியே பிழைக்கிற மனிதர் அதை வெளியே சொல்ல முடியுமா? நாற்பது தாண்டியும் அவர் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

பாரிசில் மரே பகுதியில் ப்ருவோ என்பவரின் வெண்கலப் பட்டறையில் அவர் நகாசு வேலைக்காரர். அப்போது பாரிஸ்காரர்களுக்கு வெண்கல மிருகங்கள் மேல் அப்படியொரு பைத்தியம். குளிர்காய மூட்டும் கணப்பின் மேலுள்ள மாடத்தின் நடுவில் ஒரு கடிகாரம், அதன் பக்கத்தில் மானைக் கவ்விய புலியோ பிடரி சிலிர்த்த சிங்கமோ இருந்தால்தான் அது வீடு. மருத்துவர், வக்கீல், துணிக்கடை முதலாளி என்று யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் மேசைக்கு அருகில் ஏதோ ஒன்று எதையோ கடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். எனக்கு அது இன்றுவரை புரிந்ததில்லை.

சிற்பி மெழுகில் செய்து கொடுப்பார். பட்டறையில் அதை மணலில் பதித்து, உடல் தனி, கால் தனி, வால் தனி என்று வார்த்து எடுப்பார்கள். ஒட்டுவேலைக்காரன் கஸ்பார் அவற்றை ஆணி வைத்து அடித்து ஒரே மிருகமாக்குவான். அப்போது பார்த்தால் ரோமம் வெட்டிய ஆட்டைப் போல மொழுமொழுவென்று இருக்கும். அந்தக் கோலத்தில்தான் அது யூஸ்தாஷின் மேசைக்கு வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்னச் சுத்தியலும் உளியுமாக, அவர் ஒவ்வொரு முடியாக எழுப்புவார். சிங்கத்தின் பிடரிக்கு ஓர் உளி, கரடியின் முதுகுக்கு ஓர் உளி, ஓநாயின் கழுத்துக்கு வேறு உளி. எல்லாம் அவரே அடித்துச் செய்துகொண்டவை. இன்னொருவர் தொட்டால் பிடிக்காது. அடிப்பீடத்தில் சிற்பியின் பெயரை வெட்டுவதும் அவர்தான். 'பேரு அவங்களுது, கையெழுத்து என்னுது' என்று சொல்லிச் சிரிப்பார். அதில் வருத்தமெல்லாம் இல்லை. வேலை பிடித்த மனிதர்.

நாய்ச் சிலைகள் வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார். சிங்கம் பழகிய கையால் நாய் செய்தால் கை கெட்டுவிடும் என்பார். என்ன கர்வம் பார் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். கர்வமாவது ஒன்றாவது. சிறு வயதில் சாணைக்காரரின் நாய் ஒன்று தொடையில் வைத்த பல்தடம் கால்சட்டைக்குள் பத்திரமாக இருந்தது. கர்வக்காரன் என்ற பெயர் பயந்தாங்கொள்ளி என்ற பெயரைவிட மேல் என்று யூஸ்தாஷ் அதை அப்படியே விட்டுவிட்டார்.

இந்தச் சௌகரியத்தையெல்லாம் கெடுத்தது சிதோனியின் சாப்பாட்டுக்கடை.

நார்மாந்தியிலிருந்து வந்த விதவை. வண்டியோட்டியான கணவன் இறந்தபின், பட்டறைக்கு நேர் எதிரே, யூஸ்தாஷின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற இடத்தில், சூப்பும் முட்டையும் பால்காப்பியும் போட ஒரு கடை திறந்தாள். பலமான கைகள், அதைவிடப் பலமான வாய். கூடவே, கணவன் விட்டுப்போன ஒரு நாய். பேர் பத்தோ. கன்றுக்குட்டி அளவு, நீளமான செம்பட்டை ரோமம், நாள் முழுக்க அடுப்படியில் சுவரோடு ஒட்டிப் படுத்துக் குறட்டை விடுவதுதான் அதன் உத்தியோகம்.

சிதோனியை மணக்க ஆசைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் தெருவறியச் சொல்லியிருந்தாள்: பத்தோவோடு ஒத்துப்போகாதவனுக்கு அவள் வீட்டில் இடமில்லை. பீப்பாய் செய்கிற ஒருவர் தினமும் எலும்பு கொண்டுவந்து போட்டார். சுங்கத்துக் குமாஸ்தா ஒருவர் 'என் கண்ணே' என்று நாயின் தலையைத் தடவிவிட்டு, மேசைக்கடியில் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். பத்தோ எலும்பைத் தின்றுவிட்டுத் தூங்கியது. கைக்குட்டையைச் சிதோனி பார்த்துவிட்டாள். இருவரும் இப்போது வேறு இடத்தில் சாப்பிடுகிறார்கள்.

யூஸ்தாஷ் அந்தக் கடைக்குள் போனது அது திறந்த முதல் நாள், நாய் இருப்பது தெரியாமல். சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு, என்ன வேலை என்று சிதோனி கேட்டாள். மிருகங்களோடுதான் வேலை என்றார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் மனிதருக்கு நாக்கு தன் வசத்தில் இல்லை. நாய்களும் உண்டா என்று அவள் கேட்டபோது, 'நாயா? நாயெல்லாம் நமக்குக் கைப்பழக்கம் மதாம்' என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து அடுப்படியில் ஒரு செம்பட்டைக் குவியல் எழுந்து சோம்பல் முறித்தது. யூஸ்தாஷ் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். சூடான சூப்பை ஆற விடாமல் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். வசந்தம் போய்க் கோடை வந்து, கோடை போய் இலையுதிர்ந்தது. ஒரு மதியமும் தவறவில்லை. கதவோரம் ஒரே இடம். கால்களைத் தூக்கி நாற்காலிக் கட்டையில் வைத்துக்கொள்வார், மேல்கோட்டை முழங்கால் மேல் போர்த்திக்கொள்வார். ஒரு கண் நாய் மேல், ஒரு கண் சிதோனி மேல். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று தினமும் தீர்மானித்துக்கொண்டு போவதும், பத்தோ ஒரு காதை ஆட்டியதும் தீர்மானத்தை விழுங்கிவிட்டு வருவதுமாக நாள் ஓடியது. பேசினால் அடுத்த நிமிஷமே நாயைக் கூப்பிட்டு நிறுத்துவாள், அங்கே தன் வேஷம் கலையும் என்று அவருக்குத் தெரியும்.

இலையுதிர் காலத்தில் ப்ருவோ ஒரு மெழுகு நாயைத் தூக்கிக்கொண்டு நேராக யூஸ்தாஷின் மேசைக்கு வந்தார். புத்தாண்டுப் பரிசுக்காகக் கடைக்காரர்கள் கேட்ட சிலை. நீளரோம நாய், தலை நிமிர்ந்து நிற்கிறது. செய்த சிற்பி பன்றி வேட்டைக்குக் கிளம்பிப் போயிருந்தார். ரோமத்தை விட்டுவிட்டு உடம்பை மட்டும் செய்து, ரோமத்தை யூஸ்தாஷ் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாய்ச் சிலை செய்கிற பக்கத்து மேசைக்காரர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை.

யூஸ்தாஷ் சிங்கத்துக் கையைப் பற்றி ஆரம்பித்தார். ப்ருவோ காதில் வாங்கவில்லை. எதிர்க்கடையில் அதே ஜாதி நாய் ஒன்று படுத்திருக்கிறது, போய்ப் பார், தொட்டுப் பார், செய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் சிதோனியின் காதுக்குப் போனதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தோவைக் குளிப்பாட்டி, சீவி, பட்டறைக்கே கொண்டுவருகிறேன் என்றாள். யூஸ்தாஷ் பதறிப்போய், 'வேண்டாம் மதாம். பட்டறையில அமிலம் கிமிலம்னு கெடக்கும். பாவம், வாயில்லா ஜீவன்' என்றார். இப்படியும் இளகிய மனசா என்று அவளுக்கு அவர் மேல் மதிப்பு இன்னும் ஏறியது. பொய்க்கு இப்படி வட்டியும் சேர்வதைப் பார்த்து யூஸ்தாஷுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கப்பட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, பார்வையெல்லாம் ஜன்னலிலிருந்துதான். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் பத்தோ அடுப்படியிலிருந்து எழுந்து, வாசலில் வைத்த தொட்டியில் தண்ணீர் குடிக்க வரும். வரும்போது அதன் வலப்பக்கம் ஜன்னலுக்குத் தெரியும், திரும்பிப் போகும்போது இடப்பக்கம். யூஸ்தாஷ் உளியைக் கையில் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார். இடப்பக்க ரோமம் தலையிலிருந்து வால் நோக்கி ஒழுங்காகப் படிந்திருந்தது. வலப்பக்கமோ அடியோடு வேறு. விலாவிலிருந்து தோள் வரைக்கும் முன்னோக்கி, அலை அலையாக, தலையைப் பார்த்து ஓடியது.

மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. யூஸ்தாஷுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். சிங்கத்துக்கு இப்படி இல்லை, ஓநாய்க்கு இப்படி இல்லை. நாய்க்கு மட்டும் ரோமம் உடம்பைச் சுற்றி ஆறு மாதிரி ஓடுகிறது! இத்தனை காலமாக எத்தனை பேர் நாய் செய்திருக்கிறார்கள், ஒருவன் கண்ணிலும் இது படவில்லையே என்று அவருக்குத் தலை கொஞ்சம் கனத்தும் போனது. முன்னோக்கிப் படியும் ரோமத்துக்கென்றே புதிதாக ஓர் உளி அடித்துச் செய்தார். நாயைப் பார்க்கிற சாக்கில் வாசலில் நிற்கிற சிதோனியையும் பார்க்க முடிந்ததால் வேலை இன்னும் இனித்தது. ஜன்னலில் அந்தத் தலை தினமும் தெரிவதைச் சிதோனியும் கவனித்தாள். அவள் கடைக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை அந்த மாதம் ஏனோ கூடிப்போயிற்று.

அவர் செய்துகொண்டிருந்தது தாய்ச்சிலை. முதலில் முடிகிற அந்த ஒன்றை வைத்துத்தான் மணலில் மறுபடி மறுபடி பதித்து மற்றதையெல்லாம் வார்ப்பார்கள். தாய்ச்சிலையில் ஒரு முடி தப்பினால் அது பாரிஸ் முழுக்கக் கணப்பு மாடங்களில் தப்பியபடியே நிற்கும். அதனால் பட்டறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலோக வேலைக்காரர்களின் புனிதர் எலுவா திருநாளன்று எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது, புதிய தாய்ச்சிலையைத் தட்டுகளுக்கு நடுவில் வைப்பார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது என்பது அவர்கள் நம்பிக்கை. குறை தென்படவில்லை என்றால் மேசையைத் தட்டி 'உயிர் இருக்கு' என்று சொல்ல வேண்டும். குறை கண்டுபிடித்துவிட்டால், செய்தவர் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு அன்று எல்லாருக்கும் மது ஊற்ற வேண்டும். யூஸ்தாஷ் அதுவரை ஒருமுறை கூடத் துணி கட்டியதில்லை.

அந்த ஆண்டு விருந்து சிதோனியின் கடையில். வேகவைத்த மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், ஆப்பிள் மது. நாய்ச் சிலை நடுவில் பளபளத்தது. அடுப்படியில் நிஜ நாய் குறட்டை விட்டது. இன்று சாப்பாடு முடிந்ததும் எப்படியாவது பேசிவிடுவது என்று யூஸ்தாஷ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சிலை நன்றாக அமைந்த நாள், நாய் ஆழ்ந்து தூங்குகிற நாள், இதைவிட நல்ல நாள் வராது என்பது கணக்கு.

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு வாலும் காலும் சேர்கிற இடங்களைத் தடவினான். ஒட்டு தெரியவில்லை. உயிர் இருக்கு. ப்ருவோ மூக்கையும் காதையும் தடவினார். உயிர் இருக்கு. வலப்பக்க ரோமம் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறதே என்று ஒருவர் இழுத்தார். காற்றடிக்கிற பக்கமாக இருக்கும் என்றார் இன்னொருவர். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். யூஸ்தாஷ் தனக்குள் முறுவலித்தார்.

நாய்க்குச் சொந்தக்காரி தொடாவிட்டால் எப்படி என்று ப்ருவோ சிதோனியைக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணை மூடினாள். பட்டறைக்காரர்களைப் போலப் பெருவிரலால் குறை தேடவில்லை. தினமும் தன் நாயைத் தடவுகிற மாதிரி, இரண்டு உள்ளங்கைகளையும் தோளில் வைத்துப் பின்னால் இழுத்தாள். இடது கை வழுக்கிக்கொண்டு போயிற்று. வலது கை சிக்கி நின்றது. அரத்தில் கை வைத்த மாதிரி ரோமம் எதிர்த்தது.

கண்ணைத் திறந்தாள். இன்னொருமுறை தடவினாள். பிறகு சிலையைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள். 'பத்தோ' என்று கூப்பிட்டாள்.

பத்தோ எழுந்து வந்தது. சுவரோடு ஒட்டி அழுந்திப் படுத்திருந்த அதன் வலப்பக்கம் முழுக்க ரோமம் முன்னோக்கிக் கலைந்து, அலை அலையாக நின்றது. சிலையில் இருந்த அதே அலைகள். சிதோனி குனிந்து உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான். ஆறும் இல்லை, அலையும் இல்லை. மற்ற பக்கத்தைப் போலவே ரோமம் வாலைப் பார்த்துப் படிந்துவிட்டது.

சிதோனி நிமிர்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"முசியே யூஸ்தாஷ், நீங்க இவன ஒரு தடவகூடத் தொட்டதே இல்லயா?"

அவர் பதில் சொல்வதற்குள் பத்தோ மேசைக்கடியில் நுழைந்து அவர் பக்கமாக வந்தது. யூஸ்தாஷின் இரண்டு கால்களும் தாமாகவே நாற்காலிக்கு மேலே ஏறிக்கொண்டன. சிங்கத்துக்குப் பிடரி வைக்கிற மனிதர் நாற்காலியில் குந்திக்கொண்டிருக்கிற காட்சியைக் கண்டதும் கஸ்பாருக்கு மது மூக்கில் ஏறியது. கடையே அதிர்கிற சிரிப்பு. ப்ருவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இதானா அண்ணே சிங்கத்துக் கை?" என்றான் கஸ்பார். "நாய்ச் சிலைய அந்தாண்ட தள்ளுனதெல்லாம் இதுக்குத்தானா?"

யூஸ்தாஷுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. மெல்ல ஒவ்வொரு காலாகக் கீழே இறக்கினார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, சிதோனியைப் பார்த்து மட்டும் பேசினார்.

"பொய் சொல்லிட்டேன் மதாம். எனக்கு நாயின்னா பயம். சின்னப் புள்ளயிலேருந்து பயம். உங்க நாய நான் ஜன்னல் வழியாத்தான் பாத்தேன்."

அதற்குமேல் அங்கே உட்கார அவரால் முடியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். ஆனால் பத்தோவுக்கு அதற்குள் தூக்கம் வந்துவிட்டது. கதவுக்குக் குறுக்கே, வாசற்படியை அடைத்துக்கொண்டு நீட்டிப் படுத்துவிட்டது. தாண்டவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. யூஸ்தாஷ் தொப்பியும் கையுமாக நட்டநடுக் கடையில் நின்றார். மறுபடி சிரிப்பு கிளம்பியது. சிதோனி ஒரு பார்வை பார்த்தாள். நின்றுவிட்டது.

"இவ்வளவு பயம் இருந்தா தெனம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"சூப் நல்லா இருக்கும்."

"என் சூப் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். மூலக்கட சூப் இதவிட நல்லா இருக்கும். அங்க நாயும் இல்ல."

யூஸ்தாஷ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வசந்த காலத்திலிருந்து விழுங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அங்க நீங்களும் இல்லயே."

கஸ்பார் கையிலிருந்த கோப்பையைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்தான். சிதோனி பீப்பாய்க்காரரையும் குமாஸ்தாவையும் நினைத்துக்கொண்டாள். எலும்பு போட்டவனுக்கும் தடவிக் கொடுத்தவனுக்கும் நாயைப் பற்றி ஒரு பயமும் இருந்ததில்லை. இந்த மனிதர் தினமும் வந்து, கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு போயிருக்கிறார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் வந்து அவர் வலக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க. கண்ண மூடிக்கிங்க. உங்க பட்டறப் பழக்கந்தான?"

மூடிக்கொண்டார். அவளோடு சேர்ந்து முழங்கால் மடக்கி உட்கார்ந்தார். அவள் அவர் கையைத் தன் கையால் மூடி, பத்தோவின் விலாவில் வைத்து, பின்னோக்கி மெல்ல இழுத்தாள். வாழ்நாளெல்லாம் ரோமம் செய்த விரல்கள் முதன்முறையாக ரோமத்துக்குள் போயின. அது வளைந்து கொடுத்தது. அவர் கையெல்லாம் சூடு ஏறியது. அடியில் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பத்தோ ஒரு பெருமூச்சு விட்டு வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. யூஸ்தாஷ் கையை எடுக்கவில்லை. சிதோனி தன் கையை எடுத்துவிட்ட பிறகும் எடுக்கவில்லை.

"உயிர் இருக்கு" என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ப்ருவோதான் முதலில் மேசையைத் தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

பழக்கத்தை விட முடியுமா? குறை கண்டுபிடிக்கப்பட்டதால் யூஸ்தாஷ் துணி கட்டிக்கொண்டே ஆகவேண்டும் என்று கஸ்பார் பிடிவாதம் பிடித்தான். சிதோனி தன் இடுப்புத் துணியை அவிழ்த்து அவர் இடுப்பில் கட்டினாள். முடிச்சுப் போடுகிறபோது காதருகில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று மேசையில் இருந்த யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் யூஸ்தாஷ் அன்று ஊற்றிய மதுவில் பாதி மேசைவிரிப்பில்தான் விழுந்தது.

புத்தாண்டுக்குள் வலப்பக்கத்தை அரம் போட்டு அழித்து, சரியாகச் செய்து கொடுத்தார். அந்த நாய்கள் நன்றாகவே விற்றன. அழிப்பதற்கு முன்னால் ப்ருவோ அதிலிருந்து ஒன்றே ஒன்று வார்த்து, கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். கடையின் மேசைமேல் அது இன்றைக்கும் நிற்கிறது. தெரியாமல் தடவி உள்ளங்கையைக் கீறிக்கொள்கிறவர்களிடம் சிதோனி, அது இப்போதுதான் தூங்கி எழுந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் யூஸ்தாஷ் பத்தோவைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடக்கப் போவார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சங்கிலியை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு, தெருவே பார்க்கும்படி போவார். எதிரே வேறு நாய் ஏதாவது வந்தால் மட்டும் சட்டென்று பத்தோவுக்கு மறுபக்கம் போய் நின்றுகொள்வார்.